மலிவாக வந்த ஜேர்மன் கார்



2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய ஜப்பான் கார்கள் பொன் விலைக்குப் போயின. அந்த நேரம் பார்த்து என் மச்சான் ஒரு ஜேர்மன் வேகக் காரை வாங்கி வந்தார். மீட்டரில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர். "ஜப்பான் காரைவிட மலிவு, அதுவும் தோல் சீட்!" என்றார்.

எங்கள் கல்முனைப் பக்கத்துக்கு ரயில் இல்லை; தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. கொழும்புக்குக் கிளினிக் போக வீட்டுக்கொரு கார் வேண்டும்தான். அதற்கு இதுவா?

வாங்கி மூன்றாம் மாதம், பெருநாளுக்கு முந்திய இரவு, ஸ்டார்ட் பண்ணியதும் தகரடப்பாவில் ஆணி குலுக்கின சத்தம். கராஜ் காக்கா காது கொடுத்துக் கேட்டார், போனட்டை மூடினார். சத்தம் டைமிங் செயினிலிருந்தாம்; அது எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் பக்கமாக இருக்கிறதாம். அதைத் தொட எஞ்சினையே இறக்க வேண்டும். சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் முச்சக்கரவண்டியில் பெருநாள் கொண்டாடினார்கள். உம்மா மட்டும் நிறுத்தி வைத்த காரில் ஏறியிருந்து பார்த்துவிட்டு, "சீட் நல்லம்" என்றா.

இப்படியொரு காரை வாங்கத்தான் வேண்டுமென்றால், இரவு முழுக்க ஆறிய எஞ்சினை விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணி, அந்தச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சேர்விஸ் புத்தகம் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

மச்சானின் கார் இப்போது விற்பனைக்கு நிற்கிறது. கேட்டு வருவோரிடம் செயின் கதையை மறைக்காமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வாசகர் ஒருவர்,
சாய்ந்தமருது.