ஐம்பத்திரண்டு என்னும் எண்

ஆண்டுத் தொடக்கத்தில் ஆய்வு மாணவர் பலரும் 'வாரம் ஒரு நூல்' என்று உறுதி ஏற்கின்றனர். கைப்பேசியில் கரையும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் அது மீட்டுத் தருமாயின் வரவேற்கத்தக்கதே. ஆயினும், 52 என்னும் எண் வாசிப்பை அளக்கவல்லதா?

1957இல் வெளிவந்த சோம்ஸ்கியின் 'சிண்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' 120 பக்கங்களுக்கும் குறைவானது; அதன் வாதத்தைப் பின்தொடர எனக்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது. ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வ'னையோ ஒரே விடுமுறையில் முடித்தோர் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் ஒரு வாரத்தில் முடித்தேன் என்பவர் எதை முடித்திருப்பார்?

எண்ணிக்கை இலக்காகும்போது கை தானாகவே எளிய நூலை நாடுகிறது. கடினமான நூல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. மறுவாசிப்புக்குக் கணக்கில் இடமே இல்லை. ஆய்வாளருக்கோ அவ்விரண்டுமே உயிர்நாடி.

உறுதியைக் கைவிட வேண்டா, அலகை மாற்றுவோம். வாரத்திற்கு ஏழு மணி நேரம் என்று கொள்வோம். அதில் ஒரு நூல் முடியலாம். ஓர் இயலோடு நிற்கவும் நேரலாம். ஆண்டிறுதியில் பட்டியலிட விரும்புவோர், தம் கருத்தை மாற்றிய நூல்களை மட்டும் பட்டியலிடட்டும். அப்பட்டியல் மூன்று நூல்களோடு முடிந்தாலும் குறைவன்று. மாற்றுக் கருத்துடையோர் எழுதுக.