தீப்பெட்டிப் படமும் ஒன்பதாம் கட்டளையும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபை வாலிபர் ஒருவர் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றோடு என்னிடம் வந்தார். திசையன்விளைக் கடைவீதியில் பெட்டிக்கடை வைத்திருந்த அவருடைய தாத்தா சேர்த்துவைத்த தீப்பெட்டிப் படங்கள் அதில் இருந்தன. புலி, மயில், தாமரை, கப்பல் என்று முந்நூறுக்குக் குறையாது. பள்ளிப் பருவத்தில் இத்தகைய படங்களைப் பந்தயம் வைத்து விளையாடித் தோற்று, அழுதுகொண்டு வீடு திரும்பியவன் நான். ஆகவே ஆசையோடு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அப்போது அவர் கேட்டார்: "ஐயா, 'சிவகாசியில் முதன்முதலாக அச்சான படங்கள்' என்று குறிப்பு எழுதி விற்பனைக்குப் போட்டால் நல்ல விலை வரும் என்கிறார்கள். அப்படி எழுதலாமா?"

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். இது தீப்பெட்டியோடு முடிகிற காரியம் அன்று.

இந்தச் சிறிய காகிதங்களின் பிறப்பைத் தேடுவது நல்ல வேலை. ஒரு காலத்தில் நம் நாட்டுக்குத் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்று வந்தார்கள். அடுத்த ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. பெட்டிக்குப் படம் தேவைப்பட்டதால் அச்சுத்தொழிலும் அங்கே வேரூன்றியது. ஆனால் படத்தை வரைந்தவரின் பெயர் பெரும்பாலும் படத்தில் இல்லை. அச்சிட்ட ஆண்டும் இல்லை. விற்கிற ஒரு படத்தைப் பார்த்து அடுத்தவர் சற்றே மாற்றி அச்சிடுவதும் வழக்கமாயிருந்தது. ஆகவே எது மூலம், எது நகல் என்று சொல்வதும் எளிதன்று.

ஆனாலும் படம் தன்னைக் குறித்துச் சிறிது சாட்சி சொல்லத்தான் செய்கிறது. விலை 'நயா பைசா' என்று இருந்தால் அது 1957-க்கு முந்தியதாக இருக்க முடியாது; 1964-இல் 'நயா' என்ற சொல் விலக்கப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. 'தமிழ்நாடு' என்று அரசுப் பெயராக அச்சிட்டிருந்தால், மதராஸ் மாநிலம் பெயர் மாறிய 1969 நினைவுக்கு வரவேண்டும். கோவில்பட்டி 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டப் பெயர் ஒன்றே சில வேளைகளில் பாதி விடையைக் கொடுத்துவிடும்.

பாதி விடை என்றுதான் சொல்கிறேன். மாவட்டம் பிரிந்த அன்றே அச்சகத்தார் பழைய அச்சை உடைத்துப் போட்டுவிடுவதில்லை. கையிருப்புத் தீரும்வரை பழைய பெயரோடே ஒட்டியிருக்கலாம். 'இதற்கு முந்தியது அன்று' என்பதை உறுதியாகச் சொல்லலாம். 'இதற்குப் பிந்தியது அன்று' என்பதைத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டும். இந்தத் தயக்கத்தை இழந்தவன் ஆராய்ச்சியையும் இழந்துவிடுகிறான்.

அமெரிக்காவில் இதே பைத்தியம் நூறாண்டுகளுக்கு மேலாக உண்டு. அங்கே பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள் சிகரெட் பெட்டியிலும் மிட்டாய்ப் பொட்டலத்திலும் வந்தன. சில தொகுதிகளில் வெளியிட்டவர் பெயரே கிடையாது. மொத்தம் முப்பது, மொத்தம் ஐம்பது என்ற எண்ணிக்கை மட்டும் பின்புறத்தில் இருக்கும். ஆட்டக்காரர் எந்த அணியின் பெயரோடு இருக்கிறார், அந்த அணியை விட்டு எந்த ஆண்டு மாறினார் என்று பார்த்து அட்டையின் காலத்தைக் கணிக்கிறார்கள். நாம் மாவட்டப் பெயரைப் பார்ப்பதுபோலத்தான்.

இத்தேடலுக்கு வழி வகுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். சிராக்யூஸ் நகரில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். கீல்வாதத்தால் கைவிரல்கள் முடங்கியவர். 1939-இல் முதன்முதலாக அட்டைகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டு, வகைக்கு ஓர் எழுத்தும் தொகுதிக்கு ஓர் எண்ணும் கொடுத்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தம் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். வலிக்கும் கைகளாலேயே பல ஆண்டுகள் அவற்றை ஏடுகளில் ஒட்டி, 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். அந்த மார்ச் மாதத்தில் இறந்துபோனார்.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். அந்த அட்டைகளில் மிகவும் பேர்பெற்றது ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருடையது. 1909 முதல் 1911 வரை வெளிவந்த சிகரெட் அட்டைத் தொகுதியில் அவருடைய அட்டை மட்டும் வெகு சிலவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. 'சிறுவர்கள் என் படத்துக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார்' என்று வாலிபர் கூட்டமொன்றில் நான் பிரசங்கித்தேன். நல்ல உதாரணம். கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். பின்னர் வாசித்தபோதுதான் தெரிந்தது: தம் படத்தைச் சிகரெட் பெட்டியில் போட அவர் சம்மதிக்கவில்லை என்று 1912-இல் பத்திரிகைச் செய்தி வந்தது உண்மை. ஏன் சம்மதிக்கவில்லை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சிறுவர்களை நினைத்து மறுத்தார் என்பாரும் உண்டு. பேசிய பணம் போதவில்லை என்பாரும் உண்டு. அவரே புகையிலை மெல்லும் பழக்கமுடையவர். அவருடைய இருதயத்தில் இருந்ததை அறிந்தவன்போல் நான் பேசியிருந்தேன். நோக்கம் நல்லதாயிருந்தாலும் அது அறியாத காரியத்துக்குச் சொன்ன சாட்சிதான். பீடத்தில் நின்று சொன்னதால் அதன் கனம் குறையவில்லை, கூடிற்று.

வேதாகமத்தில் எஸ்றா 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாபிலோனிலிருந்து திரும்பிய ஆசாரியரில் சில குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அது அகப்படவில்லை. அதிபதி அவர்களைப் பொய்யர் என்று சொல்லவுமில்லை, சரி, ஆசாரியர்தான் என்று விட்டுவிடவுமில்லை. ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் எழும்புமட்டும் பொறுத்திருக்கச் சொன்னான். அட்டவணை இல்லை என்ற செய்தியே அந்த அதிகாரத்தில் அவர்கள் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. தெரியாததைத் தெரியாதது என்று பரிசுத்த ஏட்டிலேயே பதிவு செய்திருக்கும்போது, ஒரு தீப்பெட்டிப் படத்தின் பின்புறத்தில் அப்படி எழுத நமக்கு என்ன வெட்கம்?

இனி மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தெரியாததை எழுதுவது ஒரு குற்றம் என்றால், தெரியக்கூடியதைக் கேளாமல் விடுவதும் குற்றமே. சுவிசேஷத்தை எழுதப் புகுந்த லூக்கா, கண்ணாரக் கண்டவர்களிடமிருந்து வந்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தான். நம் வாலிபர் அச்சகத்தைத் தேடினார், ஆண்டைத் தேடினார், ஆலயத்தில் தமக்கு மூன்று வரிசை முன்னே உட்காரும் ஒரு தாயாரைக் கேட்கவில்லை. அவர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

திங்கட்கிழமை அந்த டப்பாவை அவரிடம் கொண்டுபோனோம். ஒரு மயில் படத்தை எடுத்துச் சற்று நேரம் பார்த்திருந்தார். "இது நான் ஒட்டின படம் ஐயா. வருஷம் ஞாபகமில்லை. அஞ்சாம் வகுப்போட என்னை நிறுத்தின வருஷம்" என்றார். படத்தில் அஞ்சல் குறியீடு இருக்கிறது; மாவட்டம் திருநெல்வேலி. காகிதம் சொன்ன 1972-க்கும் 1986-க்கும் இடையில் அந்தத் தாயாரின் பத்தாம் வயது சரியாக வந்து அமர்ந்தது. 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ் என்று கணக்கு, கூலி குரோஸுக்குத்தான். பசை காய்ந்த விரல்களோடு சோறு உண்டதையும் சொன்னார். தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்தக் கூடாதென்ற சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல் வந்தது. இந்தத் தாயாருக்கு அவை இரண்டும் பிந்தி வந்தவை.

அந்த மயிலின் பிறப்பை எழுதுகிறவர் அச்சகத்தை மட்டும் எழுதி, ஒட்டிய கையை விட்டுவிட்டால், அந்த வரலாறு குறையுள்ளது என்பதே என் எண்ணம். நல்ல விலை வரும் என்பதற்காக 'முதன்முதலாக' என்று சேர்த்துவிட்டாலோ அது திருட்டுக்குச் சமம்; வாங்குகிறவர் அந்தச் சொல்லுக்காகத்தானே பணம் கொடுக்கிறார்?

நம் சேகரத்தின் வரலாற்று மலர் தயாராகிறது என்பதை அறிவீர்கள். 'எங்கள் பாட்டனார்தான் முதல் விசுவாசி' என்று நான்கு குடும்பத்தார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நால்வரும் முதல்வராக இருக்க முடியாது. திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி போடுவோம். வாய்வழி வந்ததை வாய்வழி என்று குறிப்போம். தெரியாத இடத்தை வெறுமையாக விடுவோம். யாருக்காவது மனவருத்தம் உண்டானால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து தேடுவோம். ஆலயத்துக்குச் செங்கல் சுமந்த பெண்களின் பெயர் உங்கள் வீட்டு முதியவர்களுக்கு நினைவிருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு கேட்பதற்கு அவர்கள் இருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

அந்த வாலிபர் படங்களை இன்னும் விற்கவில்லை. மயில் படத்தின் பின்புறம் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறார்: 'கோவில்பட்டி. 1972-க்குப் பின். அச்சகம் தெரியவில்லை. ஒட்டியவர் நம் சபையில் இருக்கிறார்.'

சத்தியத்தில் பிரியப்படுகிற தேவன் நம் வாயையும் நம் ஏடுகளையும் காப்பாராக. ஆமென்.