பொடி வச்சு ஊதுங்க பாஸ்!

'என்னடா, பொடி வச்சுப் பேசுற?' கேன்டீனில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்த டயலாக் காதில் விழும். அது என்ன பொடின்னு யோசிச்சிருக்கீங்களா? மூக்குப்பொடியா, மிளகாய்ப்பொடியா? ரெண்டும் இல்லை பாஸ். அது நகைப் பட்டறைப் பொடி!

நகையில் ரெண்டு துண்டைச் சேர்க்கணும் என்றால், நடுவில் கொஞ்சம் உலோகப் பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயை அதன் மேல் ஊதுவார்கள். பொடி உருகி ரெண்டையும் பிடித்துக்கொள்ளும். வேலை தெரிந்தவர் ஊதினால், சேர்த்த தடமே வெளியே தெரியாது. உள்ளே ஒரு விஷயம் இருக்கும், வெளியே காட்டாது. உள்குத்துப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா?

இந்தப் பொடி ரகசியம் எனக்குத் தெரியவந்தது ஒரு ஹெலிகாப்டரால். அதுவும் 21 சென்டிமீட்டர் ஹெலிகாப்டர்!

லீவில் ஒக்கூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'சீட்டா' மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு அளவு. நிஜ சீட்டாவின் உடம்பு 10.23 மீட்டர், மேலே சுற்றும் ரோட்டரின் விட்டம் 11.02 மீட்டர். வகுத்துப் பாருங்க, உடம்பு 21 செ.மீ., ரோட்டர் 23 செ.மீ. வரும்.

சீட்டா சும்மா ஆள் இல்லை. பிறந்த இடமான பிரான்ஸில் அதன் பெயர் லாமா. இமயமலை உயரத்தில் பறக்க ஒரு ஹெலிகாப்டர் வேணும்னு இந்திய ராணுவம் கேட்டதால் உருவானது. அலூவெட்-2 என்ற பழைய மாடலின் உடம்பைப் பலப்படுத்தி, அலூவெட்-3-ன் எஞ்சினையும் ரோட்டரையும் அதில் சேர்த்தார்கள். 1969 மார்ச் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. அதே வருஷம் இமயமலையில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி, திரும்பக் கிளம்பியும் காட்டியது. 1972 ஜூன் 21-ல் ஜான் பூலே என்ற பைலட் இதை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் உலக சாதனை படைத்தார். அங்கே எஞ்சின் அணைந்துபோக, காற்றில் தானாகச் சுற்றும் ரோட்டரை மட்டும் நம்பி மனுஷன் தரை வரைக்கும் இறங்கிவந்தார்! பிறகு நம்ம ஹெச்.ஏ.எல். இதை 'சீட்டா' என்ற பெயரில் தயாரித்தது. சியாச்சின் பனியில் இருக்கும் நம் வீரர்களுக்குப் பல வருஷம் அரிசியும் மருந்தும் சுமந்தது இதுதான்.

இந்த சீட்டாவின் வால் இருக்கே, அதுதான் என் உயிரை வாங்கியது. தகடு மூடாத வால் அது. குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னின வெறும் எலும்புக்கூடு. பிளாஸ்டிக்கில் செய்தால் முருங்கைக்காய் தடிமனில் நிற்கும். சரி, பித்தளைக் கம்பியில் செய்வோம் என்று இறங்கினேன். ஃபெவிக்விக் போட்டேன், தொட்டாலே விட்டுப்போனது. சால்டரிங் அயர்னை எடுத்தேன். ஒரு மூட்டைப் பற்றவைத்தேன். ஆஹா! அடுத்த மூட்டில் அயர்னை வைத்தேன். முதல் மூட்டு கழன்று விழுந்தது. அதைச் சரிபண்ணினால் இது விழுகிறது. ராத்திரி 11 மணிக்கு என் கையில் மிஞ்சியது வால் இல்லை, கொசுவலைக் கிழிசல்!

மறுநாள் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பத்தர் அய்யாவிடம் போய் நின்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தவர் ஒரே ஒரு வரி சொன்னார்.

"தம்பி, நீங்க ஈயத்தைச் சுடுறீக. சாமானையில்ல சுடணும்?"

நாம் எல்லாரும் லேபில் பண்ணும் தப்பு இதுதான். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, சொட்டு மாதிரி கொண்டுபோய் மூட்டில் தடவுவோம். கம்பி குளிர்ந்து கிடக்கும். ஈயம் அதன் மேல் உருண்டையாக உட்காரும், பிடிக்காது. அயர்ன் ஒரு பக்கம், ஈயம் எதிர்ப்பக்கம் என்று வையுங்க. கம்பி சூடானதும் ஈயம் தானாக இடுக்குக்குள் ஓடும். ஏன்னா, அது சூட்டைத் தேடிப் போகிற சாமான். ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்னு சொல்வாங்களே, அதேதான்!

ரெண்டாவது பாடம், சுத்தம். விரல் பட்ட எண்ணெயும் மேலே படிந்த ஆக்சைடும் இருந்தால் ஈயம் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிட்டு, ஃப்ளக்ஸ் தடவணும். பட்டறையில் அதுக்கு வெங்காரம். ஆனால் அதை நம்ம அயர்னுக்குப் போட்டுப் பார்க்காதீங்க. வெங்காரம் உருகவே 740 டிகிரிக்கு மேல் வேணும். நமக்கு ரோசின் ஃப்ளக்ஸ் போதும்.

மூன்றாவதுதான் மேட்டர். "மொதல்ல வைக்கிற பொடி முரட்டுப் பொடியா இருக்கணும் தம்பி. கடைசிப் பொடி எளகின பொடி." புரியுதா? முதல் மூட்டுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, அடுத்ததுக்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடி. அப்போதானே பக்கத்து மூட்டு கழறாது! கடைக்குப் போய் 'லெட்' கேட்டால் தருவாங்களே, அதில் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு இருந்தால் 183 டிகிரியில் உருகும். இதில் ஒரு வேடிக்கை: வெள்ளீயம் தனியாக உருக 232, காரீயத்துக்கு 327. சேர்ந்தால் ரெண்டையும்விடச் சீக்கிரம் இளகிடும்! காரீயம் கலக்காத புது ரகம் உருக சுமார் 217 டிகிரி வேணும். ஆக, முதல் மூட்டுகளுக்கு 217, பக்கத்து மூட்டுகளுக்கு 183. முன்னாடி சேர்த்த மூட்டின் மேல் ஈரப் பஞ்சைச் சுற்றிட்டால் அந்தப் பக்கம் சூடு போகாது. அயர்னை வைத்தோமா, எடுத்தோமான்னு இருக்கணும். அதுக்குக் கம்பிகள் நகராமல் நிற்கணும். ஒரு பலகையில் வாலின் படத்தை ஒட்டி, கம்பி போகிற வழியெல்லாம் குண்டூசி அடித்து நிறுத்திக்கிட்டேன்.

சரி, ஒரு விஷயம் கேட்கிறேன். நகைக்கடை போர்டில் 'கே.டி.எம்.' பார்த்திருப்பீங்க. தங்கத்தின் தரம்னுதானே நினைத்தீங்க? இல்லை பாஸ், அதுவும் பற்றவைக்கிற சமாச்சாரம்தான். பழைய பொடியில் செம்பு அதிகம் என்பதால், நகையை உருக்கினால் தங்கத்தின் மாற்றுக் குறையும். அதுக்குப் பதிலாக 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு கேட்மியம் சேர்த்தார்கள். உருக்கும்போது கேட்மியம் ஆவியாகிடும், தங்கம் தரம் குறையாமல் நிற்கும். வாங்குகிறவருக்கு லாபம். ஆனால் அந்த ஆவி எங்கே போச்சு? ஊதுகிறவர் நெஞ்சுக்குள்! நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம் அது. இப்போது ஹால்மார்க் நகையில் கேட்மியத்துக்கு இடமில்லை. பத்தர் அய்யா அதைச் சொல்லிட்டு, பேசாமல் இருமினார். நான் மேலே எதுவும் கேட்கலை.

நீங்களும் ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்து வேலை செய்யுங்க. அயர்னிலிருந்து வருகிற புகை ஃப்ளக்ஸ் புகை. ஆஸ்துமா இருந்தால் ஆகவே ஆகாது. காரீயம் உள்ளே போவது பெரும்பாலும் கை வழியாகத்தான். சால்டரிங் பண்ணின கையோடு பஜ்ஜியை எடுக்காதீங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க.

வால் மூணு நாளில் முடிந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். அய்யா சாமணத்தால் ஒவ்வொரு மூட்டையும் தட்டிப் பார்த்தார். எதுவும் விழலை. "பரவாயில்ல" என்றார். எனக்கு அதுவே பத்மஸ்ரீ!

1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புதுநகை செய்யக் கூடாது என்றபோது எத்தனையோ பட்டறைகளில் தீ அணைந்தது. அதையும் தாண்டி வந்த பட்டறை இது. இவருக்குப் பிறகு ஊத ஆள் இல்லை, பையன் வேறு வேலைக்குப் போயாச்சு. நம்ம லேபில் கிடைக்காத பாடம் ஊருக்கு ஊர் இப்படி ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க ஊர் பட்டறையில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்க.

இதைப் பொடி வச்சுச் சொல்லலை பாஸ், நேராவே சொல்றேன்!