எந்த ஆட்டின் கம்பளி?

கழக்கூட்டத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. திருவனந்தபுரத்தின் வடக்கு ஓரத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அது. ஆனாலும் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கின் கட்டடங்களுக்குள் நுழைந்தால் நாற்காலி முதுகில் ஸ்வெட்டர் தொங்கும். எல்லாம் ஏ.சி.யின் உபயம். அந்த ஸ்வெட்டரின் கழுத்துப் பகுதியில் ஒரு சீட்டு தைக்கப்பட்டிருக்கும். அளவு என்ன, எப்படித் துவைக்க வேண்டும், எந்த நாட்டில் தயாரானது என்று அது சொல்லும். எந்த ஆட்டின் கம்பளி என்று மட்டும் சொல்லாது. பல சமயம் அதில் ஆடே சம்பந்தப்பட்டிருக்காது. பெட்ரோலியத்திலிருந்து பிறந்த அக்ரிலிக் நூலாக இருக்கும்.

மற்ற பொருள்களில் நாம் இவ்வளவு அலட்சியமாக இருப்பதில்லை. மாம்பழம் என்றால் சேலமா என்கிறோம். பட்டு என்றால் காஞ்சிபுரமா என்கிறோம். கழக்கூட்டத்துக்காரர்களுக்கு வேட்டி என்றால் அதே மாவட்டத்துப் பாலராமபுரம்தான். கம்பளிக்கு மட்டும் ஊர் இல்லை. ஆஸ்திரேலிய ரோமம், லூதியானா ஆலை, ஏதோ ஒரு கடை. வாங்குபவருக்கு இவற்றில் கடைசி மட்டுமே தெரியும்.

ஊர்ப் பெயர் சொல்லக்கூடிய கம்பளி தெற்கில் இல்லையா? கேரளச் சமவெளியில் இல்லை. தமிழ்நாட்டில் செம்மறியாடுகள் ஏராளம். ஆனால் சென்னைச் சிவப்பு, மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் போன்ற இனங்களின் உடலில் இருப்பது கம்பளி அல்ல, குட்டையான மயிர். அவை இறைச்சிக்கானவை. திருச்சி கறுப்பு, கோயம்புத்தூர் குறும்பை ஆகியவற்றின் ரோமம் முரடு. அது விரிப்புக்கும் போர்வைக்கும்தான் உதவும். உடுத்தும் அளவுக்கு மெல்லிய கம்பளியைத் தெற்கில் தேடினால் மலையேற வேண்டும். அங்கே நீலகிரி ஆடு இருக்கிறது.

சுத்த ரத்தம் தேடுபவர்களுக்கு இந்த ஆடு ஏமாற்றமளிக்கும். 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான இனம் அது. எது எத்தனை பங்கு என்பதற்குக் கணக்கு இல்லை. ஆனால் பல தலைமுறைகளாக அந்த மலையின் மழையையும் பனியையும் தாங்கி, அந்தப் புல்லையே மேய்ந்து நிலைத்த பிறகு அதை வேறெந்த ஊரின் ஆடு என்று சொல்வது?

அதன் இழை சராசரியாக 27 மைக்ரான் தடிமன் கொண்டது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உயர்ரக மெரினோ இழை இருபதுக்கும் கீழே இருக்கும். முப்பதைத் தாண்டினால் தோலில் குத்தும். ஆக, நீலகிரிக் கம்பளி வெற்றுடம்பில் போடும் பனியனுக்கு ஏற்றதல்ல; சட்டைக்கு மேல் போடும் ஸ்வெட்டருக்கு ஏற்றது. ஏ.சி. அறைக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

ஓர் ஆடு ஆண்டுக்கு ஒரு கிலோவை ஒட்டிக் கம்பளி தரும். கத்தரித்த ரோமத்தில் கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் புல்லும் ஒட்டியிருக்கும். கழுவி, சீவி, நூற்று முடிப்பதற்குள் எடையில் கணிசமான பங்கு போய்விடும். வளர்ந்த ஆளுக்கான ஸ்வெட்டர் ஒன்றுக்கு அரைக்கிலோ நூல் தேவை. ஆக, ஓர் ஆட்டின் ஓராண்டு உழைப்பு கிட்டத்தட்ட ஒரு ஸ்வெட்டர். எந்த ஆட்டின் கம்பளி என்று கேட்பது அப்படியொன்றும் விபரீதமான கேள்வி அல்ல.

ஆனால் கேள்வி கேட்க ஆடு மிஞ்ச வேண்டும். நீலகிரியின் புல்வெளிகளைத் தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் எடுத்துக்கொண்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கியபோது மந்தையும் சுருங்கியது. கம்பளிக்கு ஆள் இல்லாததால் வளர்ப்பவருக்கு வருமானம் குட்டியை இறைச்சிக்கு விற்பதில்தான். எடை கூடுதலாக வேண்டும் என்றால் வேறு இனத்துக் கிடாயுடன் சேர்த்துவிடுவது சுலபம். அத்தோடு கம்பளியின் தரம் போய்விடும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் 1965 முதல் செம்மறியாட்டு இன ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இன்று அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. நீலகிரி இனத்தின் முக்கியமான மந்தையை அதுதான் காத்து வருகிறது. நீலகிரி ஆட்டுடன் வெளிநாட்டு நயக் கம்பளி இனங்களைச் சேர்த்து 'சாண்டினோ' என்ற கலப்பினத்தை உருவாக்கியதும் அந்த நிலையம்தான்.

அரசு மந்தை இனத்தைக் காப்பாற்றலாம். தொழிலைக் காப்பாற்ற முடியாது. ஊட்டியின் திபெத்தியர் கடைகளில் ஸ்வெட்டர் வாங்கும் சுற்றுலாப் பயணி, ஊட்டி ஸ்வெட்டர் என்றே நினைத்து வாங்குகிறார். சரக்கு பெரும்பாலும் லூதியானாவிலிருந்து மலையேறி வந்தது. மலையிறங்கினால் கோவை, அதைத் தாண்டினால் நாட்டின் பின்னலாடைத் தலைநகரான திருப்பூர். பின்னத் தெரிந்த ஆட்களுக்கோ எந்திரங்களுக்கோ பஞ்சமில்லை. ஆனால் அந்த ஊரின் சாம்ராஜ்யம் பருத்தியின் மேல் எழுந்தது.

நடுவில் இருக்கும் ஒரு கண்ணிதான் அறுந்திருக்கிறது. பெரிய கம்பளி ஆலைக்கு ஒரு தடவை ஓட்டவே டன் கணக்கில் ரோமம் வேண்டும். சில நூறு ஆடுகள் தருவதோ சில நூறு கிலோ. அதை ஆலைக்கு அனுப்பினால் பத்து ஊர்க் கம்பளியோடு கலந்துவிடும். கலந்த நிமிடமே ஊர்ப் பெயர் அழிந்துவிடும். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் ஒரே பண்ணையின் கம்பளியைத் தனியாகக் கழுவி நூற்றுக் கொடுக்கும் சிற்றாலைகள் உண்டு. கத்தரிக்கும்போதே மூட்டைக்கு மந்தை எண். கழுவும்போதும் நூற்கும்போதும் அதே எண். கடைசியில் ஸ்வெட்டரின் சீட்டிலும் அதே எண். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பதிவேடு போதும்.

பதிவேடு ஏன் அவசியம் என்பதைக் காஷ்மீரிடம் கேட்கலாம். பஷ்மினா ஆட்டின் இழை 12 முதல் 16 மைக்ரான். கலப்படம் செய்தால் மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுத்துவிடும். 2008இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பின் சோதனையும் முத்திரையும் சாத்தியமாயின. ஆனால் 27 மைக்ரான் இழை உலகில் எங்கும் கிடைக்கும். அது நீலகிரியில் மேய்ந்ததா, நியூசிலாந்தில் மேய்ந்ததா என்று எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது.

எதற்கு முத்திரை என்பதையும் யோசிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் துணிக்கு பிரிட்டன் 1993இல் தனிச் சட்டமே இயற்றியது. கம்பளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்கப்பட வேண்டும். தீவுவாசிகளின் வீட்டுத் தறியில் நெய்யப்பட வேண்டும். ஆனால் ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்பது சட்டத்தில் இல்லை. அது நெசவாளரைக் காத்தது. ஆட்டுக்காரரைக் காப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. அதே பிரிட்டனில் 2020இல் கம்பளி விலை கத்தரிப்புக் கூலிக்கே காணாமல் போனபோது சிலர் ரோமத்தை எரித்தார்கள்.

ஊர் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்துக் குருபர்களின் கறுப்புக் கம்பளி தக்காண ஆட்டின் ரோமத்தில் பிறக்கிறது. கத்தரிப்பது, நூற்பது, புளியங்கொட்டைப் பசை தடவிக் குழித்தறியில் நெய்வது எல்லாம் பெரும்பாலும் அதே சமூகத்துக்குள். எந்த ஆடு என்பது நெய்பவருக்குத் தெரியும். ஆனால் மலிவான மில் போர்வை வந்ததும் வாங்குபவர் விலகிப்போனார். தக்காணத்தின் பல பகுதிகளில் மேய்ப்பர்கள் கம்பளி இல்லாத இறைச்சி இனங்களுக்கு மாறினார்கள். நாட்டின் கணக்கும் இதையே சொல்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏழு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல் செம்மறியாடுகள் இருந்தன. ஆனால் 2014-15இல் 4.8 கோடி கிலோவாக இருந்த கம்பளி உற்பத்தி 2022-23இல் 3.4 கோடி கிலோவைக்கூட எட்டவில்லை.

ஆக, வேண்டியவை மூன்று: மலையடிவாரத்தில் ஒரு சிற்றாலை, கலப்படத்துக்கு இடம் தராத ஒரு பதிவேடு, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாரான வாங்குபவர். முதல் இரண்டையும் அரசோ கூட்டுறவுச் சங்கமோ ஏற்படுத்த முடியும். மூன்றாவதை யாரும் ஏற்படுத்த முடியாது. கையால் பின்னிய நீலகிரி ஸ்வெட்டர் அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு விலையாகத்தான் இருக்கும். மெரினோ அளவுக்கு மெத்தென்றும் இருக்காது. அதற்கு ஈடாக அது பல வருடம் உழைக்கும். அதைவிட முக்கியம், அந்த விலையில் ஒரு பங்கு மேய்ப்பவரின் கைக்குப் போனால், அடுத்த ஆண்டும் அந்த ஆட்டைக் கம்பளிக்காக வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் இருக்கும். இறைச்சி விலை ஒன்றே காரணமாக இருக்கும் வரை நீலகிரி ஆட்டின் ஆயுள் சாண்டிநல்லாவின் வேலிக்குள்தான்.