பூச்சி மருந்தும் மனித உடலும்: அளக்க வேண்டியது எது?

பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மூன்று கணக்குகளைக் குறிப்பிடுகிறோம். ஏக்கருக்கு எவ்வளவு மருந்து, அதற்கு என்ன செலவு, அதனால் எவ்வளவு விளைச்சல் காப்பாற்றப்பட்டது என்பன அவை. நான்காவதாக ஒரு கணக்கும் உண்டு. அம்மருந்தில் எவ்வளவு மனிதர் உடலில் சேர்ந்தது என்பதே அது. இந்த நான்காவது கணக்கை நாம் ஒழுங்காக எழுதி வைப்பதில்லை. விபத்து நேர்ந்த பிறகே அதைத் தேடுகிறோம். தெளிப்பதற்கு முன்பும், தெளிக்கும் அன்றும் எழுதப்படாத கணக்கை எந்த ஆய்வுக்கூடமும் பின்னர் முழுமையாக மீட்டுத் தர இயலாது. இதை வயல்நிலை ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விஷயம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் மருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பண்டமும் விஷ மருந்தும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டதே இதற்குக் காரணமாயிற்று. இத்துயரத்தின் விளைவாக எழுந்த விசாரணையும் ஆலோசனைகளும் 1968ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டத்துக்கு வழி வகுத்தன. 1971இல் அதற்குரிய விதிகள் வந்தன. மருந்துக் குப்பிகளின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிற முக்கோணங்களை நாம் காண்பது அவ்விதிகளின் பயனே.

ஆனால் அந்த முக்கோணம் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். அது மருந்தின் நச்சுத் தன்மையை மட்டுமே குறிக்கிறது. மருந்து மனிதர் மீது எவ்வளவு பட்டது என்பதை அது அறியாது. சிவப்பு முக்கோண மருந்து பூட்டிய பெட்டியில் இருக்கும் வரை எவருக்கும் தீங்கில்லை. நீல முக்கோண மருந்தேயாயினும், ஒழுகும் தெளிப்பானை முதுகில் சுமந்து, நனைந்த வேட்டியுடன் பகல் முழுவதும் நிற்பவருக்குத் தீங்கு நேரலாம். நச்சுத் தன்மை, உடல் அதற்கு ஆட்பட்ட அளவு ஆகிய இரண்டும் சேர்ந்தே ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. முன்னதைத் தொழிற்சாலையும் அரசும் அளந்து அச்சிட்டுத் தந்துவிடுகின்றன. பின்னதை வயலில்தான் அளக்க முடியும்.

மருந்து வாய், மூச்சு, தோல் ஆகிய மூன்று வழிகளில் உடலினுள் புகுகிறது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டால் போதும் என்னும் எண்ணம் கிராமங்களில் பரவலாக உள்ளது. உண்மையில், வயலில் தெளிப்பவரின் உடலில் சேரும் மருந்தில் பெரும் பகுதி தோலின் வழியாகவே செல்லுகிறது. 1960-களின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளர்கள் தெளிப்பவரின் உடையில் உறிஞ்சும் துணித் துண்டுகளைப் பொருத்தி, அவற்றில் படிந்த மருந்தை அளந்து இதைக் கண்டறிந்தனர். தோலும் எல்லா இடங்களிலும் ஒரே தன்மையுடையதன்று. உள்ளங்கையை விடத் தொடை இடுக்குப் பகுதி மருந்தை மிக விரைவாக உறிஞ்சும். ஆகவே முகத்தை மூடி, இடுப்புக்குக் கீழே நனைந்து நிற்பவர் பாதுகாப்பாக இருப்பதாகக் கருதுவது தவறு. மருந்தைக் கையால் கலக்கும் சில நிமிடங்களும் கவனத்துக்கு உரியவை. அப்போது கையில் படுவது நீர் சேராத, அடர்ந்த மருந்து.

உடலினுள் சென்றதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடாதா என்று சிலர் கேட்கலாம். காட்டும்; ஆனால் நிபந்தனையுடன் காட்டும். மானோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள், நரம்புகளின் செயலுக்கு இன்றியமையாத கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைத் தடுக்கின்றன. இந்நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு அது இயல்பிலேயே உயர்ந்திருந்தால், மருந்து பட்டுக் கணிசமாகக் குறைந்த பின்னும் அவருடைய அளவு சாதாரண எல்லைக்குள் இருப்பது போலத் தோன்றக்கூடும். தெளிப்புப் பருவத்துக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால் மட்டுமே பின்னர் எடுக்கும் அளவுக்குச் சரியான பொருள் உண்டு. இவ்வகை மருந்துகளின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரில் சில நாட்களில் வெளியேறிவிடுகின்றன. டி.டி.டி. போன்ற குளோரின் வகைப் பொருள்களோ உடலின் கொழுப்பில் பல ஆண்டுகள் தங்குகின்றன. எந்த மருந்து, எந்த நாளில் பட்டது என்பதை அறியாத மருத்துவர் எதைத் தேடுவார்?

1971ஆம் ஆண்டு விதிகளை வகுத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். பாஸ்பரஸ் வகை மருந்துகளுடன் வேலை செய்பவருக்கு மாதந்தோறும் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. வேலைக்குச் சேருமுன் மருத்துவப் பரிசோதனையையும் வற்புறுத்தின. நிலையான முதலாளியும் வருகைப் பதிவேடும் உள்ள தொழிற்சாலைக்கு இது பொருந்தும். இன்று ஒரு வயலிலும் நாளை மற்றொரு வயலிலும் கூலிக்குத் தெளிப்பவரை யார் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது? விதி அவரைக் கைவிடவில்லை. நடைமுறைதான் அவரை எட்டவில்லை.

இதன் விளைவைக் காசர்கோடு நமக்குக் காட்டியது. அம்மாவட்டத்தின் முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிப்பதற்காக 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை எண்டோசல்பான் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டங்களை அடுத்து வீடுகளும், கிணறுகளும், பள்ளிகளும் இருந்தன. தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் 2001இல் அங்கே ஆய்வு நடத்தியபோது, தெளிப்பு நின்று பல மாதங்கள் கழிந்த பின்னும் பள்ளிக் குழந்தைகளின் இரத்தத்தில் அம்மருந்தைக் கண்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. 2017இல், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்குக் கட்டளையிட்டது. ஆயினும் பாதிக்கப்பட்டவர் யார், எந்த நோய் மருந்தால் வந்தது என்னும் சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. தெளிப்புத் தொடங்குமுன் அக்கிராம மக்களின் உடல்நிலை எவ்வாறிருந்தது, எந்தத் தெளிப்பின்போது எந்த வீட்டின் மீது எவ்வளவு படிந்தது என்னும் முறையான குறிப்புகள் இருந்திருந்தால், நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தங்கள் துன்பத்துக்குச் சான்று தேடி அலைய நேர்ந்திராது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு செடிகள் வழக்கத்துக்கு மாறாக ஓங்கி வளர்ந்திருந்தன. தலைக்கு மேல் உள்ள இலைகளுக்குத் தெளிக்கும்போது மருந்து தெளிப்பவர் மீதே திரும்பி விழுகிறது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து தெளிக்கும் வழக்கமும் இருந்தது. மருந்தின் பெயர் மட்டும் எழுதிய கணக்கில் செடியின் உயரமும் கலவையும் இடம்பெறா. உயிரைப் பறிப்பவையோ இத்தகைய சிறு விவரங்களே.

சந்தையில் விற்கும் காய்கறி, தானியம், பால் ஆகியவற்றில் எஞ்சியுள்ள மருந்தை நாடு முழுவதும் கண்காணிக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2005-06இல் தொடங்கியது. உண்பவரைக் காக்கும் இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் கத்தரிக்காயை அளப்பதில் நாம் காட்டும் சிரத்தையை, அக்கத்தரிக்குத் தெளித்தவரை அளப்பதில் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். தெளித்த மறுநாள் அதே வயலில் களையெடுக்கும் பெண்ணும், தெளித்தவரின் துணியை வீட்டில் துவைக்கும் மனைவியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இத்தகைய கணக்கெடுப்பு உழவரை வீணாக அச்சுறுத்தும் என்றும், அதற்கு ஆய்வுக்கூடங்களும் பொருட்செலவும் வேண்டும் என்றும் மறுப்புக் கூறப்படலாம். பின்னதில் ஓரளவு உண்மை உண்டு. இரத்தப் பரிசோதனைக்குச் செலவு உண்டுதான். ஆனால் முதற்படிக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். அச்சத்தைப் பற்றிக் கூறினால், அளவு தெரியாத இடத்தில்தான் அச்சமும் அலட்சியமும் வளருகின்றன. கணக்கு இல்லையேல் எல்லா நோய்களுக்கும் மருந்தே காரணம் என்பாரும், எந்த நோய்க்கும் அது காரணமன்று என்பாரும் சமமாக வாதிடுவர்.

வயல்நிலை ஊழியர்கள் தம் எல்லைக்குட்பட்ட சில தெளிப்பாளர்களையேனும் தேர்ந்து, தெளிக்கும் நாளன்றே குறிப்பெடுக்க வேண்டும். குப்பியிலுள்ள வணிகப் பெயருடன் மருந்தின் உண்மைப் பெயரையும் எழுதுக. எத்தனை டாங்க் தெளித்தார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கலந்தார், எத்தனை மணி நேரம் நின்றார், காற்று எப்பக்கம் வீசியது, செடியின் உயரம் என்ன, தெளிப்பான் ஒழுகியதா, உடலின் எப்பகுதி நனைந்தது, எப்போது குளித்தார், கை கழுவாமல் உண்டாரா அல்லது பீடி புகைத்தாரா, வயலில் வேறு யார் இருந்தனர் என்பவற்றையும் குறிக்க. அன்றிரவு தலைவலியோ, வாந்தியோ, கண் மங்கலோ இருந்ததா என்று மறுநாள் கேட்டு எழுதுக. கையுறை அணிந்ததாகச் சொன்னதை எழுதாமல், அணிந்ததைக் கண்டிருந்தால் மட்டும் எழுதுக. நம் வெயிலில் முழுக் கவச உடை அணிந்து எவரும் நெடுநேரம் உழைக்க முடியாது. அதை அணிந்ததாக வைத்துப் போடும் கணக்கு பொய்க் கணக்காகும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருடன் கலந்து, பருவத்துக்கு முன்னும் பின்னும் இவர்களுக்குக் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை செய்விக்க முயல்வதும் அவசியம்.

ஆசிரியர்களின் பங்கு இதனினும் சிறியதன்று. 2013 ஜூலையில் பீகாரின் சாரன் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், மானோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் உயிரிழந்தனர். எனவே வீட்டிலும் பள்ளியிலும் காலி மருந்துக் குப்பிகள் என்ன ஆகின்றன என்பதை மாணவரைக் கேட்டு அறியலாம். குப்பிகளைத் தொடாமல், கண்டதை மட்டும் சொல்லுமாறு அவர்களுக்கு அறிவுறுத்துக. விஞ்ஞான வகுப்பில் ஓர் எளிய சோதனையும் செய்யலாம். இதுவரை மருந்தே ஊற்றப்படாத புதிய தெளிப்பான் ஒன்றில் பீட்ரூட் சாறு கலந்த நீரை நிரப்புக. ஆசிரியர் தம் உடையில் கை, மார்பு, முதுகு, தொடை, கணுக்கால் ஆகிய இடங்களில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் குத்திக்கொண்டு ஒரு செடிவரிசைக்குத் தெளிக்கட்டும். பிறகு துண்டுகளை எடுத்து மாணவர் முன் வரிசையாக வைக்கட்டும். எந்தத் துண்டு அதிகம் சிவந்தது என்பதை அவர்களே எண்ணிச் சொல்லுவர். அன்று மாலை அம்மாணவர் தம் தந்தையிடம் சொல்லப்போகும் செய்தி, நம் துண்டுப் பிரசுரங்களை விட நன்றாக மனத்தில் பதியும்.

பூச்சி மருந்து வேண்டுமா வேண்டாமா என்னும் பெரிய விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். மருந்து இன்று வயலில் இருக்கிறது. அதைச் சுமப்பவர் ஒரு மனிதர். அடுத்த தெளிப்புப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு வட்டத்திலும் பத்துப் பேருக்கேனும் இந்த நான்காவது கணக்கைத் திறந்து வைப்போமாக.