கவுன்டரில் வைக்க வேண்டிய தேர்வு

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று டி.பார்ம். மாணவர் ஒருவரிடம் கேட்டால், போலிக் அமிலத்தின் வேலையை அது தடுக்கிறது என்பதையும் அதில் சிக்கும் நொதியின் பெயரையும் தயங்காமல் சொல்லிவிடுவார். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தாளில் அதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஆனால் முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டவர்கள் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து இறந்துபோனது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மற்ற மாத்திரைகளைக் காலை, இரவு என்று அன்றாடம் விழுங்கிப் பழகியவருக்கு இந்த ஒன்று மட்டும் வேறு என்பது மனத்தில் பதிய வேண்டும். அதற்கு, அட்டையைக் கையில் கொடுப்பவர் “இதை எந்தக் கிழமை சாப்பிடப் போறீங்கம்மா?” என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். நொதியின் பெயரை அறிந்தவர் இந்தக் கேள்வியையும் கேட்பார் என்பதற்கு நம் தேர்வுமுறையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

டி.பார்ம். முடித்தவர்கள் மருந்தாளுநராகப் பதிவு பெறுவதற்கு எக்ஸிட் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று இந்திய பார்மசி கவுன்சில் 2022இல் விதி கொண்டுவந்தது. கொள்குறி வினாக்கள் கொண்ட மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். தேர்வு மொழி ஆங்கிலம். இந்தத் தேர்வு வந்ததை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பாடம் நடத்துபவர்களைத் தாண்டி வெளியிலிருந்து ஒருவர் மாணவரை அளந்து பார்ப்பது அவசியம். என் கேள்வி, அளக்கப்படுவது எது என்பதைப் பற்றியது. இதே கவுன்சில் 2015இல் வெளியிட்ட பார்மசி தொழில் விதிமுறைகள், மருந்தாளுநர் நோயாளிக்கு எதையெல்லாம் விளக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரலாம், ஒரு வேளை தவறிவிட்டால் என்ன செய்வது, எங்கே வைத்துப் பாதுகாப்பது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இத்தனையையும் வாயால் சொல்வதுதான் கடமை என்று விதி இருக்க, ஒரு வார்த்தைகூடப் பேச வைக்காமல் தகுதிச் சான்று தருகிறது தேர்வு.

“மருந்தாளுநர் டாக்டர் இல்லையே, நோயைப் பற்றி அவருக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை இல்லை என்பது சரிதான். ஆனால் நோயை விட்டுவிட்டு மருந்தை மட்டும் தெரிந்துகொள்வதில் பாதி ஆபத்து இருக்கிறது. சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். அவரே புரொப்ரனலாலும் சாப்பிடுகிறார் என்றால் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும். வியர்வைதான் மிச்சமிருக்கும் எச்சரிக்கை. அந்த வியர்வையை வெயிலின் கணக்கில் எழுதிவிடாதீர்கள் என்று சொல்ல இரண்டு மருந்துகளும் ஒரு நோயும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும். பாடப் புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயங்கள். தேர்வும் தனித்தனியாகவே கேட்கிறது. கடைக்கு வருகிறவரோ எல்லா அத்தியாயங்களையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டு வருகிறார். பாரசிட்டமாலையே பாருங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது என்பது எல்லா மாணவருக்கும் மனப்பாடம். சளிக்கு என்று கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாரசிட்டமால் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரையையும் சளி மாத்திரையையும் ஒன்றாகக் கேட்பவரிடம் அதை எடுத்துச் சொல்கிறாரா என்பதுதான் சோதிக்க வேண்டிய அறிவு.

இதைச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் மருத்துவ மாணவர்களுக்காக 1975இலேயே ஒரு முறையை வெளியிட்டார்கள். மாணவர் நிலையம் நிலையமாக நகர்ந்து போவார். ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்களில் ஒரு காரியத்தைச் செய்து காட்ட வேண்டும். தேர்வாளர் முன்கூட்டியே வகுத்த அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவார். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் மருந்தாளுநர் ஆக விரும்புபவர் கொள்குறித் தாளோடு இந்தச் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். பிரிட்டனில் கடைசித் தேர்வு எழுத்துத் தேர்வுதானே என்று எதிர்வாதம் வரலாம். உண்மைதான். அங்கேயும் கணக்குத் தாளின் 40 கேள்விகளுக்கு விடைகள் கொடுக்கப்படுவதில்லை, மாணவரே கணக்கிட்டு எழுத வேண்டும். அதைவிட முக்கியம், தேர்வைத் தவிர ஓராண்டு முழுக்க மேற்பார்வையில் வேலை செய்து தகுதியைக் காட்டியாக வேண்டும் என்பது. நம் டி.பார்ம். படிப்பில் பயிற்சி 500 மணி நேரம். அது எப்படிக் கழிந்தது என்று வெளியார் யாரும் வந்து பார்ப்பதில்லை.

செலவு பற்றிய ஆட்சேபம் வலுவானது. ஆண்டுதோறும் நாடு முழுவதும் படித்து வெளிவரும் அத்தனை பேருக்கும் நடிகர், தேர்வாளர், இடம் என்று ஏற்பாடு செய்வது பெரிய வேலை. நிலையங்கள் குறைந்தால் மதிப்பெண்ணின் நம்பகமும் குறையும். நேருக்கு நேர் தேர்வில் சலுகை காட்டும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் கொள்குறித் தாளை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதோடு இதையும் சேர்க்கச் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மண்டலவாரியாக நடத்தலாம். வேற்றூர்த் தேர்வாளர் இருவர் தனித்தனியே மதிப்பெண் போடலாம். பேச்சைப் பதிவுசெய்து வைக்கலாம். பேச்சு தமிழில்தான் இருக்க வேண்டும். ‘ஹைப்போகிளைசீமியா’ என்று தாளில் குறிக்கத் தெரிந்தவருக்கு, அதை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குப் புரியவைக்கத் தெரியுமா என்பதை ஆங்கிலத் தாள் ஒருநாளும் காட்டாது.

கடைசியாக ஒரு கசப்பான ஆட்சேபம்: சான்றிதழை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மருந்தாளுநர் வேறெங்கோ இருக்கும் கடைகளில் தேர்வைத் திருத்தி என்ன பயன்? பதிவு பெறாதவர் மருந்து கொடுக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது; அதை அமல்படுத்துவது ஆய்வாளர்களின் பொறுப்பு. ஆனால் அந்த வாடகை செல்லுபடியாவதற்கே காரணம், மருந்தாளுநர் கடையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாததுதான். அட்டையை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கக் கடைப் பையன் போதும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்களை நம்பி அமைக்கப்பட்டவை. அங்கே கவுன்டரில் நிற்கப்போகிற அடுத்த அணி மாணவர்களிடமிருந்து இதைத் தொடங்கலாம். தேர்வாளர் கையில் வைத்திருக்க வேண்டிய மதிப்பெண் தாளுக்குக் குழு போட வேண்டியதில்லை. 2015 விதிமுறைகளின் அந்தப் பட்டியலை அப்படியே அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டால் போதும்.