உப்புக்காற்றின் மேல் பழி போடும் முன்

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கத்திலிருந்து சர்வீஸுக்கு வரும் லேப்டாப்புக்குள் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே கழிமுகமும் பக்கிங்ஹாம் கால்வாயும், தெற்கே வட சென்னை அனல் மின் நிலையம். ஃபேன் இறக்கைகளில் உப்பீரத்தோடு அப்பிய தூசி, ஹீட்சிங்க்கில் பச்சை பூத்த செம்பு. அதனால் "சும்மா வைத்திருந்தாலே சூடாகிறது, ஃபேன் ஓயாமல் கத்துகிறது" என்று வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் நம் கை ஸ்க்ரூ டிரைவருக்குப் போய்விடுகிறது. சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் வைத்ததும் பல மெஷின்கள் அடங்கிவிடும். சில, ஒரு வாரத்தில் அதே புகாரோடு திரும்பி வரும். அந்தச் சிலவற்றுக்காகத்தான் இந்த உரை.

சுத்தம் செய்வது வெப்பம் வெளியேறும் வழியைத் திறந்துவிடும் வேலை. வெப்பம் அவசியமில்லாமல் உள்ளே உண்டாகிக்கொண்டே இருந்தால் அந்த வழி எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. பிராசசர் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. வேலையில்லாத நேரத்தில் வேகம் இறங்கினால் வோல்டேஜும் கூடவே இறங்கும், லாபமே அதில்தான். 2000-இல் ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் இன்டெல் இதை லேப்டாப் பிராசசர்களுக்குக் கொண்டுவந்தது. வேகம் இறங்காத பிராசசரில் சிப் கெட்டுப்போயிருப்பது அரிது. யாரோ அதை இறங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 2015-இல் வந்த ஸ்கைலேக் முதல், வேகத்தை முடிவு செய்யும் பொறுப்பில் பெரும்பகுதியை இன்டெல் பிராசசரே எடுத்துக்கொண்டது. திரையில் 3 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டும். உள்ளே கோர்கள் பெரும்பாலான நேரம் சி6 நிலையில், மின்சாரமே கிட்டத்தட்டத் துண்டிக்கப்பட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நாம் திறந்து வைத்த அளவுமானியே கோரைத் தட்டி எழுப்பி, எழுந்த வேகத்தைக் காட்டுவதும் உண்டு. வெப்பநிலை, பயன்பாட்டு விழுக்காடு, உறக்க நிலையில் கழிந்த நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். லினக்ஸில் 2007-இல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் இதற்கு இன்றும் போதும். விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் சி3 நேரம் தெரியும்; பவர்சிஎஃப்ஜி கட்டளையை எனர்ஜி என்ற சொல்லோடு ஓட்டினால் 60 விநாடி கவனித்து அறிக்கையே எழுதிக் கொடுக்கும். எண் உயரமாக இருந்தும் மெஷின் குளிர்ச்சியாக இருந்தால் அங்கே பழுது இல்லை. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நம் மேசைக்கு வருபவற்றில் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களும் உண்டு. அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அக்கா வாங்கியதைத் தம்பி வைத்துப் படிக்கிற வயது அவற்றுக்கு. பேட்டரி செத்து வருடங்கள் ஆகியிருக்கும்; சார்ஜர் செருகினால்தான் உயிர். கோளாறு ஒளிந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். விண்டோஸின் பவர் அமைப்பில் பேட்டரிக்கு ஒரு மதிப்பும், சார்ஜருக்கு ஒரு மதிப்புமாக இரண்டு உண்டு. குறைந்தபட்ச பிராசசர் நிலை என்பது பேட்டரிக்கு 5 விழுக்காடு என்று சாதுவாக இருக்கும். அதைப் பார்த்து நாம் திருப்தியாகிவிடுவோம். கேம் விளையாட யாரோ ஹை பெர்ஃபார்மன்ஸ் தேர்ந்தெடுத்ததில் சார்ஜருக்கு உரியது 100-இல் நின்றிருக்கும். அந்த மெஷின் வாழ்வது முழுக்க அந்த 100-இல்தான்.

அமைப்பு சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், பின்னணியில் ஓடுவதைத் தேடுங்கள். 2017 முதல் 2019 வரை இருந்த காயின்ஹைவ், வலைப்பக்கம் திறந்திருக்கும் வரை பார்ப்பவரின் பிராசசரில் மொனேரோ நாணயம் தோண்டியது. அது மூடப்பட்டுவிட்டது, அந்தத் தொழில் மூடப்படவில்லை. திருட்டு மென்பொருளோடு வரும் தோண்டிகளில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்த கணமே அடங்கிவிடும். திறந்ததும் ஃபேன் ஓய்ந்து, மூடியதும் மறுபடி கத்தினால் சந்தேகப்படுங்கள்.

லினக்ஸ் மெஷின்களில் முதலில், பிராசசரின் வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னரைப் பாருங்கள். இன்டெல் பொறியாளர் வெங்கடேஷ் பள்ளிப்பாடியும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் 2006 ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் விளக்கிய ஆன்டிமாண்ட் கவர்னர், பழைய மெஷின்களில் இன்னும் உழைக்கிறது. முன்னுரிமை குறைந்த பின்னணி வேலைகளைச் சுமையாகக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல அதில் ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தால், ஓசையில்லாமல் ஓடும் ஒரு கணக்கீட்டு நிரலே பிராசசரை உச்சத்தில் நிறுத்திவிடும்.

கேவொர்க்கர் என்ற பெயரில் ஒரு கோர் முழுதும் போய்க்கொண்டிருந்தால் அது வேறு கதை. மின் மேலாண்மையைக் கவனிக்கும் ஏசிபிஐயின் குறுக்கீடுகள் மழையாகக் கொட்டுகின்றன என்று பெரும்பாலும் பொருள். சிஸ் ஃபர்ம்வேர் கோப்பகத்தில் குறுக்கீட்டு எண்ணிக்கைகளைத் திறந்தால் ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதை முடக்கிவிடலாம்தான், ஆனால் முடக்கும் முன் சார்ஜர் ஜாக்கை ஆட்டிப் பாருங்கள். உப்பு அரித்துத் தளர்ந்த ஜாக் தொட்டும் விட்டும் இருந்தால், ஒவ்வொரு தொடுகையும் மெஷினுக்கு ஒரு செய்தி. ஓய்வெடுக்கப் போனதை எழுப்பும் செய்தி. உப்புக்காற்று குற்றவாளிதான், ஆனால் நாம் தேடும் ஃபேன் வழியாக மட்டுமல்லாமல் ஜாக் வழியாகவும் வரும்.

இந்த மெஷின்களின் சொந்தக்காரர்கள் மீன் வலை வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். தேவையில்லாத பேஸ்டுக்கும் ஃபேனுக்கும் அவர்களிடம் காசு வாங்குவது நம் தொழிலுக்கு அழகல்ல. ஆகவே ஒரு வேண்டுகோள்: சூடு என்று வரும் ஒவ்வொரு லேப்டாப்பையும் திறக்கும் முன் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, அந்த ஓய்வு நிலை வெப்பத்தையும் பயன்பாட்டு விழுக்காட்டையும் பில்லில் எழுதுங்கள், வேலை முடிந்ததும் அதே அளவுகளை அதன் கீழே எழுதிக் கொடுங்கள்.